மண் தாங்காத டீச்சர்

எங்கள் வெள்ளைக்கரடு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைப் பிரிவு எடுக்கும் மங்கையர்க்கரசி டீச்சர், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை மூன்றாவது பீரியடில், வகுப்பறை வராந்தாவிலிருந்து இறங்கிப் பின்பக்கத்துச் செய்முறைத் தோட்டத்தில் காலை வைத்தார், கால் மண்ணில் படவில்லை. இன்னொரு காலையும் வைத்துப் பார்த்தார், அதுவும் படவில்லை. செருப்பு இரண்டும் கழன்று கீழே கிடக்க, அவற்றுக்கு ஒரு முழ உயரத்தில், தோளில் கைப்பையும் கையில் வருகைப் பதிவேடுமாக, யாரோ தூக்கி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ப்ளஸ் ஒன் பிள்ளைகள் பதினாலு பேரும் ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே வரிசையாக நின்றார்கள். அவர்களில் சைக்கிள் கடைக்காரர் மகன் அஜ்மல், கண்ணில் பட்டதை அந்த நிமிஷமே வாயால் சொல்லிவிடுகிறவன், "டீச்சர், செருப்பு கீழ கிடக்கு" என்றான்.

டீச்சர் குனிந்து செருப்பைப் பார்த்தார். தனக்கும் செருப்புக்கும் நடுவில் இருந்த வெயிலையும் பார்த்தார். "தெரியுதுப்பா" என்றார். "யாராவது என்னைக் கொஞ்சம் இழுத்து விடுங்க."

காற்றில் நிற்கத்தான் முடிந்தது, நடக்க முடியவில்லை. அஜ்மலும் செவ்வந்தி என்கிற மாணவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, குளத்தில் தெப்பத்தை இழுப்பது போல இழுத்துவந்து வராந்தாச் சிமெண்டில் விட்டார்கள். சிமெண்டில் கால் நன்றாகவே பட்டது. டீச்சர் இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார், சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டார், மீதி வகுப்பை உள்ளே கரும்பலகையில் எடுத்தார்.

தலைமையாசிரியர் தனிஸ்லாஸ் சாரிடம் விஷயம் போனது. அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, ஆச்சரியப்படுவதையெல்லாம் அவர் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அலமாரியிலிருந்து பணி விதிகள் புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டி, மதியச் சாப்பாட்டையும் மறந்து பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

"ஆசிரியர் வேலை நேரத்துல பள்ளி வளாகத்துக்குள்ள இருக்கணும்னுதான் போட்டிருக்கு. வளாகத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல. நீங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

வீட்டில் டீச்சரின் கணவர் சேது, மின்வாரியத்தில் லைன்மேன், பாதி வாழ்க்கையைக் கம்பத்தின் மேல் கழித்தவர், மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்துபோய், தான் கம்பம் ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற பழைய பெல்ட்டையும் முப்பதடி நைலான் கயிறையும் எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"பத்து வருஷமா நான் மேல ஏறும்போதெல்லாம் நீ கீழ பயந்துக்கிட்டு இருந்தே. இனிமே நான் கொஞ்சம் பயந்துக்கறேன். மேல லைன் போற இடத்துல மட்டும் மண்ணுல இறங்காத அரசி."

எங்கள் ஊருக்கு இது பழகிப்போக மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் தோட்டத்து வேலிக்கு வெளியே கூட்டம் நின்றது. இரண்டாம் நாள் அந்தக் கூட்டத்துக்குச் சுண்டல் விற்க ஆள் வந்தது. மூன்றாம் நாள் சுண்டல்காரர் மட்டும் வந்து, யாரையும் காணாமல் தாமே இரண்டு பொட்டலம் தின்றுவிட்டுப் போனார். ஒரு சிலர் மாலையும் கற்பூரமும் கொண்டுவந்தார்கள். டீச்சர் மாலையை வாங்கி மட்கும் குப்பைக் குழியில் போடச் சொல்லிவிட்டு, "நான் சாமி இல்லைங்க, வேளாண் ஆசிரியை" என்று சொல்லி அனுப்பினார். சத்துணவுக் கூடத்துச் சமையலக்கா அஞ்சலைதான் உருப்படியான யோசனை ஒன்றைச் சொன்னாள். "நாளையிலேர்ந்து சுடிதார் போட்டுக்கிட்டு வாங்க டீச்சரம்மா. கீழ பிள்ளைங்க நிக்குதுல்ல."

காரணம் என்னவென்று யாரும் அதிகம் தேடவில்லை. எந்தெந்த இடத்தில் இப்படி ஆகிறது என்பதைத்தான் தேடினார்கள், தேடியவள் செவ்வந்தி. தார் ரோடும் சிமெண்டுத் தரையும் டீச்சரை ஒன்றும் செய்வதில்லை. அவை எதையாவது விளைவித்துத் தருவதாக யாரிடமும் சொன்னதில்லை. மண்ணில் மட்டும்தான் இந்தக் கோளாறு, அதுவும் எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி இல்லை. விளையாட்டு மைதானத்தில் முக்கால் முழம். பள்ளிக்கூட முகப்பில், கொடிக் கம்பத்தைச் சுற்றி, ஒரு சாண். செய்முறைத் தோட்டத்தில் முழுசாக ஒரு முழம், பள்ளியிலேயே அதுதான் அதிகம். அடுத்த திங்கட்கிழமை செவ்வந்தி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்தின் பின்புறம் போனாள். அங்கே முருங்கை மரத்தடியில் அஞ்சலை பதினோரு வருஷமாக அரிசி கழுவின தண்ணீரையும் காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில், டீச்சரின் பாதங்கள் இரண்டும் மெத்தென்று மண்ணில் இறங்கின, கீழேயிருந்து ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்ட மாதிரி.

செவ்வந்தி உட்கார்ந்து விரலாலேயே தோண்டினாள். அரையடிக்குள் நாற்பது மண்புழு.

"உயிரு இருக்கற மண்ணுதான் உங்களைத் தாங்குது டீச்சர்" என்றாள். "செத்த மண்ணு கைய விரிச்சுடுது."

டீச்சர் அந்த ஈர மண்ணிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். வகுப்புக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மண் வளம்னு எட்டு வருஷமா உங்களுக்கும் உங்களுக்கு முன்னாடி படிச்சவங்களுக்கும் நோட்ஸ் சொல்லிக்கிட்டு வர்றேன். மண்புழு உரம் அஞ்சு மார்க், மூடாக்கு ரெண்டு மார்க். அதே எட்டு வருஷமா, ஆண்டு விழாவுக்கு முன்னாடி தோட்டம் சுத்தமா இருக்கணும்னு களைக்கொல்லி அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஊர்லயே அந்த அரை ஏக்கர்தான் என் பொறுப்புல இருந்தது. அது என்னை ஒரு முழம் தள்ளி நிறுத்துது. தப்பில்ல."

அஜ்மல், "அப்ப உங்களைக் கீழ இறக்கணும்னா மண்ணுக்கு உயிர் குடுக்கணும். அவ்ளோதானே டீச்சர்" என்றான், பஞ்சர் ஒட்டுகிற வேலை ஒன்றைச் சொல்கிற மாதிரி.

அவ்வளவுதான் என்று அவன் சொன்னாலும், அதற்குக் கெடு ஒன்று இருந்தது. அந்த வருஷம் வேளாண்மைப் பிரிவை மூடிவிடலாம் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். சேர்ந்தது பதினாலே பேர், தோட்டத்தில் புல்லும் இல்லை, கணக்குப் பதிவியல் பிரிவு கேட்டு ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். தை மாதம் மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கழகத் தலைவர் பொன்னுரங்கம், முப்பது ஏக்கரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற பெரிய கை. "வெங்காயம் நடறதுக்கு ப்ளஸ் டூ எதுக்குங்க, என்கிட்ட வந்து நாலு நாள் நின்னாப் போதும்" என்பது அவர் பேச்சு. அவர் மகள்தான் செவ்வந்தி. இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசாமலிருந்து அந்தப் பிரிவில் சேர்ந்தவள்.

ஆவணி முழுக்கப் பிள்ளைகள் சருகு அள்ளினார்கள். ஊரில் யார் வீட்டு வேப்பமரம் உதிர்த்தாலும் சாக்கோடு போய் நின்றார்கள், ஏரியில் வண்டல் எடுத்தவர்களிடம் கெஞ்சிப் பத்துக் கூடை வாங்கிவந்தார்கள், கம்பும் சோளமும் தட்டைப்பயறும் எள்ளும் சணப்புமாக இருபது வகை விதையைக் கலந்து பலதானியமாக விதைத்து, அது இடுப்பளவு வளர்ந்து பூ விட்டதும், பார்க்க மனசு வராமல் பார்த்துக்கொண்டே, மண்ணுக்குள்ளேயே மடக்கி உழுதார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீச்சரைத் தோட்டத்தின் நடுவில் இழுத்துப்போய் நிறுத்தி, பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு முழம் முக்கால் முழமாயிற்று, முக்கால் முழம் அரை முழமாயிற்று. புரட்டாசிக் கடைசியில் அஜ்மலுக்குப் பொறுமை தீர்ந்துபோய், கோழிப் பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் பச்சை எருவைக் கொண்டுவந்து ஒரே நாளில் கொட்டிவிட்டான். நாலாம் நாள் புது நாற்றெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருகி நின்றது. வெள்ளிக்கிழமை டீச்சர் பழையபடி முக்கால் முழத்துக்குப் போய்விட்டார். அஜ்மல் வேலியோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழுதுட்டு வந்து எழுதிக்க" என்றார் டீச்சர் மேலேயிருந்து. "மட்க வைக்காத எரு, ஆறு விரல் ஏத்தம். இதுவும் ரெக்கார்டுதான். இதை எந்தப் புஸ்தகத்துலயும் இவ்வளவு தெளிவா போடல."

இதற்குள் ஊர்க்காரர்கள் விஷயத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முதலில் ஒரு விவசாயி தயங்கித் தயங்கி வந்து, சனிக்கிழமை தன் காட்டுப் பக்கம் டீச்சர் வந்து ஒரு நிமிஷம் நிற்க முடியுமா என்று கேட்டார். மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். டீச்சர் போய் நின்றார், பிள்ளைகள் அளந்தார்கள், இரண்டு விரல். அவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இளநீர் வெட்டினார். அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் டீச்சருக்குச் சொந்தமாக இல்லை. இடுப்பில் பெல்ட்டும், கயிற்றின் நுனியைப் பிடித்தபடி சேதுவும், பின்னால் நோட்டும் ஸ்கேலுமாகப் பதினாலு பேரும் வரப்பு வரப்பாகப் போனார்கள். ஒவ்வொரு காடும் அவரை அதனதன் யோக்கியதைக்குத் தகுந்தபடி தூக்கியது. கொஞ்ச நாளில் காடுகளுக்குப் பட்டா எண் யாருக்கும் ஞாபகமில்லை, ஒரு சாண் காடு, முழங்கால் காடு, நாலு விரல் காடு என்றே பேச்சு. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையன் என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், "காடு டீச்சரை எவ்வளவு தூக்குது" என்று கேட்டார்கள். அரை முழம் என்று வந்ததால் ஒரு சம்பந்தம் தட்டிப்போய், அந்தப் பையன் மூன்று மாதம் ராப்பகலாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மூன்று விரலாகக் குறைத்துக் காட்டி அதே பெண்ணைக் கட்டிக்கொண்டான். உரக்கடைக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், பிறகு கடை வாசலில், சாணத்தோடு கரைத்து மண்ணுக்கு ஊற்றுவதற்கான நாட்டுச் சர்க்கரையும் பயற்றம் மாவும் மூட்டை மூட்டையாக வைத்து, "ஜீவாமிர்தத்துக்குத் தேவையானவை இங்கே கிடைக்கும்" என்று போர்டு எழுதினார்.

பொன்னுரங்கம் மட்டும் கூப்பிடவில்லை. அவர் காட்டுக்கும் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று செவ்வந்தி வீட்டில் கேட்டுப் பார்த்தாள். "பூமியில நிக்கத் தெரியாத பொம்பளை என் பூமிக்கு மார்க் போடுறதா" என்று அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கார்த்திகை பிறந்ததும் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினார். டவுனில் ஒரு தனியார் பள்ளியில், கணக்குப் பதிவியலில், நடு வருஷத்திலேயே இடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

பதினாலு பேர் பதின்மூன்றாகி ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாவது நாள் பள்ளி விட்டதும் டீச்சர் கைப்பையில் பெல்ட்டையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு தனியாகவே பொன்னுரங்கம் காட்டுக்குப் போனார். சேது வேறு ஊரில் கம்பம் ஏறியிருந்தார். ஆனால் அந்தக் காட்டுக்கு மேல் லைன் எதுவும் போகவில்லை என்று எப்போதோ சொல்லியிருந்தார். மக்காச்சோளம் மார்பளவு நின்றது. நடுவே பாத்தி ஓரமாகப் பொன்னுரங்கம் நின்றிருந்தார். டீச்சர் ரோட்டில் நின்றபடி, "அண்ணே, செவ்வந்தி விஷயமாப் பேசணும்" என்றார்.

"பேசலாமே. இங்க வாங்க."

"நீங்க இந்தப் பக்கம் வந்தா நல்லாருக்கும்."

"என் காட்டுக்குள்ள வந்து பேசறதுன்னா பேசுங்க. இல்லாட்டிப் போயிட்டு வாங்க டீச்சர்."

டீச்சர் ஒரு நிமிஷம் அந்த மண்ணைப் பார்த்தார். சாம்பல் நிறமாக, ஈரம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்து, தட்டினால் ஓட்டுச் சில்லு மாதிரி சத்தம் வரும் போலிருந்தது. பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். கயிற்றின் மறுநுனியைச் சுருட்டி அவர் பக்கம் வீசினார்.

"இதை மட்டும் பிடிச்சுக்கங்க அண்ணே. வர்றேன்."

பொன்னுரங்கம் நாலு எட்டு நடந்துவந்து, சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு இடம் கொடுக்கிற முகத்தோடு, கயிற்றை எடுத்து இரண்டு விரலில் பிடித்துக்கொண்டார். டீச்சர் தெரிந்தேதான் காலை வைத்தார்.

காடு அவரை ஒரு முழமோ இரண்டு முழமோ தூக்கி நிறுத்தவில்லை. சோளக் கதிர்களுக்கு மேலே கொண்டுபோயிற்று, மோட்டார் கொட்டகையின் ஓட்டுக்கு மேலே கொண்டுபோயிற்று, ரோட்டோரத்துப் புளியமரத்தின் நடுக்கிளை உயரம் வந்த பிறகும் நிற்கவில்லை. கயிறு சரசரவென்று பொன்னுரங்கம் கையிலிருந்து ஓடியது. இரண்டு விரல் ஐந்து விரலாகி, ஒரு கை இரண்டு கையாகி, கடைசி இரண்டு முழத்தை அவர் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு குதிகாலை ஊன்றி நின்றார். முப்பதடி உயரத்தில், கார்த்திகை மாதத்து வாடைக்காற்றில், டீச்சர் பட்டம் மாதிரி லேசாக ஆடினார்.

கீழே பொன்னுரங்கத்தின் உள்ளங்கை எரிந்தது. ஒரு மனுஷியின் எடை முழுக்கத் தன் கையில் மேல்நோக்கி இழுக்கிறது என்பதும், இழுப்பது அவள் அல்ல, தன் கால் நிற்கிற இந்த மண் அவளைத் தள்ளுகிறது என்பதும், கயிற்றின் வழியாக அவருக்குள் மெதுவாக இறங்கியது. இருபத்தெட்டு வருஷமாக அவர் உழைத்த மண்.

"டீச்சர்" என்றார். "என் காடு அவ்வளவு மோசமா?"

டீச்சருக்குக் கீழே பார்க்கவே பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தார். பார்த்ததும் பயத்தை மறந்துவிட்டார், அவர் பாடம் எடுக்கிறவர்.

"அண்ணே, இங்கேர்ந்து எல்லாம் தெரியுது. மழை பெஞ்சா உங்க தண்ணி எங்க ஓடுதுன்னு கோடு போட்ட மாதிரித் தெரியுது. மேக்கால ஒரு பெரிய வாய்க்கா மாதிரி அறுத்துக்கிட்டுப் போகுது, உங்க மேல்மண்ணு எல்லாம் அது வழியா ஓடைக்குப் போயிருக்கு. நடுவுல ரெண்டு ஏக்கர் உப்புப் பூத்து வெள்ளையா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், மோசமாத்தான் இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் டீச்சர். "மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி ரெண்டு செண்ட் அளவுக்கு ஒரு இடம் இருக்கே, அது கருகருன்னு இருக்கு. அங்க மட்டும் என்ன பண்ணீங்க?"

"அங்க நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி பாயாத மூலைன்னு விட்டுட்டேன்."

"என்னை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போங்க அண்ணே."

முப்பது ஏக்கர்காரர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சோளத்தை ஒதுக்கி ஒதுக்கி, தலைக்கு மேலே வேளாண் ஆசிரியையை இழுத்துக்கொண்டு நடந்தார். ரோட்டில் போன மினி பஸ் நின்று, கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் ஏறிக்கொண்டார். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அந்த மூலைக்கு வந்ததும் கயிறு தானாகத் தளர்ந்தது. டீச்சர் மேலேயிருந்து இறங்கினார், ஓடு அளவுக்கு, வேலி அளவுக்கு, இடுப்பளவுக்கு, பிறகு தட்டைப்பயற்றுக் கொடிகளுக்கு நடுவே கணுக்கால் வரை மெத்தென்று புதைந்து நின்றார். சருகு மூடாக்குக்கு அடியிலிருந்து மண்வாசனை வந்தது.

"இதை யாரு போட்டது?" என்றார் பொன்னுரங்கம்.

"உங்க பொண்ணு. ஆவணியிலேர்ந்து போட்டுக்கிட்டு வருது. நாப்பத்தேழாம் பக்கத்துலேர்ந்து அறுபத்திரெண்டாம் பக்கம் வரைக்கும் ரெக்கார்டு நோட்டுல எழுதியிருக்கு, நான்தான் கையெழுத்துப் போட்டேன். 'சொந்த நிலத்தில் ஒரு சோதனை'ன்னு தலைப்பு. எங்க அப்பாவுக்குப் பொறந்த நாளுக்குக் காட்டப்போறேன்னு சொல்லுச்சு."

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அமுக்கிப் பார்த்தார், உதிர்ந்தது. மறுபடியும் அள்ளினார். ஒரு மண்புழு அவர் உள்ளங்கையில், கயிறு அறுத்த சிவப்புக் கோட்டின் மேலே, நெளிந்தது. அதைக் கீழே விட அவருக்கு மனசில்லை.

"மாசியிலதாங்க என் பொறந்த நாள்" என்றார். "அதுக்குள்ள பாத்துட்டேனே."

"தெரியாத மாதிரி இருங்க."

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்குச் செவ்வந்தி வந்துவிட்டாள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்த பொன்னுரங்கம் தனிஸ்லாஸ் சாரிடம் போய்த் தீர்மானத்தைத் திரும்பக் கேட்டார். "அதை மாவட்டத்துக்கு அனுப்பியாச்சுங்களே" என்றார் சார். "அஞ்சு மாசம் முன்னாடி நீங்கதான் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பச் சொன்னீங்க."

அதனால் அதிகாரி வருவது வரத்தான் செய்தது. மார்கழியில் தோட்டம் டீச்சரை நாலு விரல் உயரத்தில் வைத்திருந்தது, பிறகு இரண்டு விரல், பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு நோட்டுத் தாள் நுழைகிற அளவு. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. பிள்ளைகள் இன்னும் என்ன போடலாம் என்று துடித்தார்கள். டீச்சர், "ஒண்ணும் போட வேணாம். தண்ணி காட்டிட்டு விட்டுடுங்க. அதுக்கும் கொஞ்சம் நேரம் வேணும்" என்றார், ஆனால் அவர் முகத்திலும் தெளிவில்லை. பொங்கல் விடுமுறை ஐந்து நாளும் தோட்டத்துக்குள் யாரும் போகவில்லை.

அதிகாரி தை மாதம் எட்டாம் தேதி காலை வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெட்டி. வேலியைச் சுற்றி ஊரே நின்றது, சுண்டல்காரரும் மறுபடி வந்திருந்தார். டீச்சர் வராந்தா விளிம்பில் வந்து நின்றார். செவ்வந்தி ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வலது காலை எடுத்து மண்ணில் வைத்தார், இடது காலையும் வைத்தார், நடந்தார். கத்தரிப் பாத்தியைக் கடந்து, வெண்டைப் பாத்தியைக் கடந்து, அந்தக் கோடி வரை போய்த் திரும்பி நடந்துவந்தார். ஈர மண்ணில் பத்து விரலும் பதிந்த தடம் வரிசையாகக் கிடந்தது. வேலிக்கு வெளியே அஞ்சலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி பாத்திகளைப் பார்த்தார், உரக்குழியைப் பார்த்தார், பதினாலு ரெக்கார்டு நோட்டையும் புரட்டினார், கோழி எருப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு தனிஸ்லாஸ் சாரைத் தனியே அழைத்துக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"டீச்சர் அந்தரத்துல நிப்பாங்கன்னு சொன்னாங்களே. நிக்கவே இல்லையே."

"அதுக்காகத்தாங்க சார் ஆறு மாசமா பாடுபட்டோம்" என்றார் தனிஸ்லாஸ் சார்.

பிரிவு மூடப்படவில்லை. சேர்க்கைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போதே முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள், அதில் ஒன்பது பேர் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்.

பொன்னுரங்கம் ஒரு பருவத்துக்கு ஒரு ஏக்கராக, வருஷத்துக்கு இரண்டு ஏக்கர் மாற்றத் தொடங்கினார். முதல் ஏக்கர் மாசியில் டீச்சரை இடுப்பளவுக்கு இறக்கியது. இப்படிப் போனால் முப்பது ஏக்கருக்கும் எத்தனை வருஷம் ஆகும் என்று அஜ்மல் அவர் எதிரிலேயே விரல் விட்டு எண்ணி, பதினஞ்சு என்றான். "பதினஞ்சுன்னா பதினஞ்சு" என்றார் அவர். கயிறு பிடிக்கிற வேலையை அவர் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை, சேதுவிடம் கூட.

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம், தேர்வெல்லாம் முடிந்த பிறகு, அந்தக் காட்டின் மேற்குக் கோடியில் கரை போட இடம் குறிக்க வேண்டியிருந்தது. இன்னும் கை வைக்காத அந்தப் பக்கத்து ஏக்கர் டீச்சரை முப்பதடிக்குத் தூக்கி வைத்திருந்தது. அவர் மேலேயிருந்து கையை நீட்டி நீட்டிச் சொல்ல, கீழே பிள்ளைகள் சுண்ணாம்புப் பொடியால் தண்ணீர் ஓடும் தடத்தின் குறுக்கே கோடு போட்டுக்கொண்டே போனார்கள். வேலை முடிந்தது. டீச்சர் இறங்கக் கேட்கவில்லை. ஏரி தெரிந்தது, ஏரிக்கப்பால் மலை தெரிந்தது, முழங்கால் காடும் ஒரு சாண் காடும் பச்சையும் பழுப்புமாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி விரிந்து கிடந்தன. இந்தக் காட்டை விட்டால் ஊரில் வேறெங்கும் இப்போது அவரை இந்த உயரத்துக்குத் தூக்குகிற மண் இல்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டார். "அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு நீர்வடிப்பகுதிப் பாடம் எடுக்க எனக்கு ஒரு இடம் வேணும். இந்த ஒரு ஏக்கரை மட்டும் இப்படியே விட்டுடறீங்களா?"

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்தார். கயிற்றைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாதுங்க டீச்சர்" என்றார். "அடுத்த ஆடியில இதுலயும் பலதானியம் விதைக்கப்போறேன். பாக்கறதை இப்பவே நல்லாப் பாத்துக்கங்க."

பார்க்கட்டும் என்று கால் மணி நேரம் அவர் அங்கேயே நின்றார். பிறகு மகள் முன்னால் வழிகாட்ட, டீச்சரை மெதுவாக இழுத்துக்கொண்டு, இறங்குகிற இடத்தைப் பார்த்து நடந்தார்.